இரண்டாவது கைப்பிடி

எங்கள் சங்கத்துக்கு வந்த விலைப்புள்ளிகளில் ஆகக் குறைந்ததை நான் ஏற்கவில்லை. அதற்கும் கீழே, காசே இல்லாமல் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் ஒன்று வந்தது. அதையும் வேண்டாம் என்றேன். இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன். தணிக்கைக்கு வந்தவர்கள் இதைச் செயலாளரின் தன்னிச்சையான போக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதட்டும். என் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

நன்னிலத்துக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் ஊரையெல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை எங்கள் ஊர். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு பகுதியை எங்கள் தெருவுக்கு ஒப்படைத்தார்கள். அதே நிலத்தில் எங்கள் அப்பாக்கள் கூலிக்கு நட்டார்கள். கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்கும், கொடிக்கம்பம் நட்டதற்கும் அடிபடாத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை. அதனால் ஒப்படைக் காகிதம் கைக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்பதால் அதை வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: பயிர் வைக்காமல் தரிசாகப் போட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பண்ணையார் அந்த ஒரு வரியை நம்பியிருந்தார். நாங்கள் அந்த ஒரு வரிக்குப் பயந்தோம்.

கூட்டுப் பண்ணைச் சங்கம் என்று பதிவு செய்துகொண்டோம். தலைவர் எங்கள் தெருவின் மூத்த விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், வழக்கு வழக்காக அலைந்து தலை நரைத்தவர். நான் செயலாளர்.

முதல் சம்பாவுக்குத் தண்ணீர் தாமதமாக வந்தது. வாய்க்காலில் ஓடியதும் எங்கள் வயல் மட்டத்துக்குக் கீழேதான் ஓடியது. இறைத்தால்தான் உண்டு. அப்போது பண்ணையாரின் காரியக்காரர் தானாகத் தெருவுக்குள் வந்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரையும் மாறும். அன்றைக்குப் புதுக் கரை.

"ஐயாவோட பழைய இன்ஜின் சும்மாத்தான் கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போய் எறைச்சுக்குங்க. ஐயா காசு எதுவும் கேக்கல" என்றார்.

எடுத்துக்கொண்டோம். இன்ஜின் எங்கள் கரையில் நின்றது. அதைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியை மட்டும் சாயங்காலம் காரியக்காரர் கையோடு எடுத்துப்போவார். இன்ஜின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். கைப்பிடி இல்லாத இன்ஜினை உடையவருக்குத் தெரியாமல் யாரும் ஓட்டிவிட முடியாது. காலையில் நாங்கள் போய் வாங்கி வர வேண்டும்.

எங்கே போய்? பண்ணைவீட்டுக் கொல்லை வாசலுக்கு. அங்கே நிற்போம். குரல் கொடுக்க மாட்டோம். எங்கள் ஆட்களுக்கு அந்த வாசலில் நிற்பதே கேட்பது, அப்படித்தான் பழக்கம். வாசல் சிலநாள் சீக்கிரம் திறக்கும். சிலநாள் வெயில் ஏறியபின் யாராவது எட்டிப் பார்த்து, "இன்னிக்கு அவரு வெளியூரு போயிட்டாரே" என்பார்கள். கைப்பிடி எங்கே என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, என்னையும் சேர்த்து. நாற்று மஞ்சளடித்தது. நட்டதில் பாதி கதிர் வாங்கவில்லை. ஏதோ பயிர் இருந்ததால் நிலம் தப்பியது.

அறுப்பு முடிந்தபின்னும் தெருவில் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "அவரு சும்மா கொடுத்தாரே, அதுவே பெரிசு."

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. பாதி விளைச்சலைக் கொடுத்து வாங்கிய பொருளைச் சும்மா வந்தது என்கிறார்களே!

அடுத்த சாகுபடிக்கு முன் சொந்த இன்ஜின் வாங்கக் கூட்டுறவுக் கடன் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று கடைகளில் விலை கேட்டு, குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காரணம் எழுத வேண்டும் என்றார்கள். விலைப்புள்ளிகள் வந்தன. நான் கடைக்காரர்களைப் பார்க்கப் போகவில்லை. அந்தந்த இன்ஜின் ஓடுகிற ஊர்களுக்கு ஒரு பழைய சைக்கிளில் போனேன். வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்விதான்: கடைசியாக எப்போது நின்றது, மறுபடி ஓட எவ்வளவு காலம் ஆனது?

ஆகக் குறைந்த விலைக்காரரின் இன்ஜினைத் பக்கத்துத் தாலுக்காவில் ஒரு வீட்டில் பார்த்தேன். மேலே கீற்று போட்டு மூடியிருந்தது. கீற்றைத் தூக்கினால் உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"நல்ல இன்ஜின்தாங்க. ஒரு வாசர் போயிடுச்சு. அது கோயம்புத்தூர்லேர்ந்து வரணுமாம். எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எப்ப எழுதினீங்க?"

"இந்தக் கோழி குஞ்சா இருந்தப்ப."

அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன்: பயிர் வாசருக்காகக் காத்திருக்காது.

இன்னொரு இன்ஜின் மன்னார்குடிக் கடையில் கிடைத்தது. விலை கூடுதல். ஆனால் அதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: காலையில் ஆளனுப்பினால் மாலைக்குள் மெக்கானிக் பஸ்ஸில் வந்துவிடுகிறார், சாமான் அவர் பையிலேயே இருக்கிறது. அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். முதலாளி எடுத்த எடுப்பிலேயே, "எவ்வளவு குறைக்கணும்னு சொல்லுங்க" என்றார்.

"விலையில குறைக்க வேண்டாங்க. எங்க தெரு ஆள் ஒருத்தருக்கு ஓட்டவும் பழுது பாக்கவும் கத்துக்கொடுக்கணும். அடிக்கடி போற சாமான் ஒரு பெட்டி நெறைய வேணும். அப்புறம் கைப்பிடி ரெண்டு வேணும்."

"ரெண்டா? எதுக்கு? கைப்பிடி தேயாதே. பேரன் காலம் வரைக்கும் வருமே!"

"தேயாதுங்க. காணாமப் போகும்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார். "விலையைக் குறைக்கச் சொல்லாத ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று கடைப்பையனிடம் சொன்னது வெளியே வரும்போது காதில் விழுந்தது.

பால்வாடிக் கட்டடத்தில் கூட்டம் போட்டோம். கூட்டத்துக்கு முதல் நாள் காரியக்காரர் மறுபடி தெருவுக்கு வந்து போயிருந்தார். இந்த வருஷமும் ஐயாவின் இன்ஜினைச் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஆக, கூட்டத்தின்முன் மூன்று இன்ஜின்கள் இருந்தன: சும்மா வருவது, மலிவாக வருவது, நான் சொல்வது.

"சும்மா வர்றதை விட்டுட்டுக் கடன் வாங்குவானேன்?" என்றார் ஒருவர்.

"போன வருஷம் நாத்து கருகினது மறந்துபோச்சாண்ணே?" என்றேன்.

"இந்தத் தடவை கேட்டு வாங்கிக்குவோம்."

"யாரு கேப்பா? நீங்க கேப்பீங்களா? நாளைக்குக் காலையில கொல்லை வாசல்ல நின்னு, 'கைப்பிடியைக் கொடுங்க'ன்னு ஒரு தடவை சத்தமாச் சொல்லிட்டு வாங்க. நான் சும்மா வர்ற இன்ஜினுக்கே கையெழுத்துப் போடுறேன்."

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையிலிருந்து என் பங்காளி ஒருவன் எழுந்தான். "சரி, சும்மா வர்றது வேண்டாம். கொறைஞ்ச வெலைக்கு ஒண்ணு இருக்குல்ல? அதை விட்டுட்டு வெலை ஒசந்ததை எழுதச் சொல்றாருன்னா, செயலாளருக்கு மன்னார்குடியில காப்பி மட்டுமா வாங்கிக் கொடுத்திருப்பாங்க? அதுவும் ரெண்டு கைப்பிடியாம்! ஒரு இன்ஜினுக்கு ரெண்டு பொண்டாட்டி மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. உண்மையில் அங்கே காப்பிகூடக் குடிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னால் குற்றம் செய்தவன் சொல்வது மாதிரி இருக்கும். ஆகவே கோழி அடைகாத்த கதையை மட்டும் சொன்னேன். "அந்தக் கோழிக்கு வேணா அது மலிவு. நமக்கு இல்லை. சந்தேகம் இருந்தா சைக்கிளைத் தர்றேன், போய்ப் பார்த்துட்டு வாங்க. இன்ஜின் நம்ம கரையில நின்னாப் பத்தாது. கைப்பிடி நம்ம தெருவுல இருக்கணும், ஓட்டுற கையும் நம்ம தெருக் கையா இருக்கணும். இதுக்குத்தான் அந்தக் கூடுதல் விலை."

தலைவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "தம்பி, நீ சொல்றது சரிதான். ஆனா கத்துக்கப் போறது யாரு? எல்லாரும் விடிஞ்சா நடவுக்கும் களைக்கும் போகணும். வாரக் கணக்குல கூலியை விட்டுட்டு மன்னார்குடியில குந்தியிருக்க யாரால முடியும்?"

அப்போது சன்னலுக்கு வெளியே பெண்கள் பக்கத்திலிருந்து என் மகளின் குரல் வந்தது. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. "நான் போறேன் தாத்தா."

"பொம்பளப்புள்ளையா?" என்றது கூட்டம்.

"தண்ணி பொம்பளைக்கு ஏறாதா?" என்றாள்.

நான் மாட்டிக்கொண்டேன். ஓட்டுற கை நம்ம தெருக் கையா இருக்கணும் என்று அப்போதுதான் முழங்கியிருந்தேன். கைப்பிடி எதிராக உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். முறிந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட, அந்தக் கரை பண்ணைவீட்டு வயலை ஒட்டியது. எங்கள் ஆட்கள் தனியாக அந்தப் பக்கம் போவதில்லை. இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "ஊருக்குச் சொல்றப்ப நம்ம தெருக் கை. நம்ம வீட்டுக் கைன்னதும் கலங்குதா?"

கூட்டம் ஒருவழியாக ஒத்துக்கொண்டது. கடன் அலுவலகத்துக்குக் காரணம் எழுதிக்கொடுத்தேன். இன்ஜின் வந்தது. மகள் தினமும் பஸ்ஸில் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். எண்ணெய் நாற்றத்தோடு வருவாள். காற்றை விடும் நெம்பு என்கிற சின்ன நெம்புகோலை எப்போது தூக்க வேண்டும், எப்போது விட வேண்டும், பம்பில் தண்ணீர் பிடிக்காவிட்டால் சாணியைக் கரைத்து ஊற்றி எப்படி அடைக்க வேண்டும் என்று சாப்பிடும்போது எனக்குச் சொல்லுவாள். நான் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் கைப்பிடி இன்ஜினோடு கரையில் இருந்தது. இரண்டாவதை எங்கள் வீட்டில் வைத்தேன். என் மனைவி அதைக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டாள். வருகிறவர்கள் எல்லாம் அதில் கால் இடித்துக்கொண்டு, "இதுக்குத்தானே கடன் வாங்கினீங்க!" என்பார்கள்.

அந்தச் சம்பாவுக்கும் தண்ணீர் தாமதம்தான். நாற்றங்காலுக்கு இறைத்துக்கொண்டிருந்தோம். ஒரு முற்பகல். மகள் கரையில் இன்ஜினோடு இருந்தாள். நான் வயலின் மறுகோடியில் முழங்கால் சேற்றில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். காரியக்காரர் இரண்டு ஆட்களோடு கரைமேல் வருவதைப் பார்த்தேன்.

"நிறுத்து. இது பண்ணைக் கரை" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"என்னங்க சார்?" என்று மகளும் கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் அவரை அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை; குனிந்து ஐயா என்பதுதான் வழக்கம். அவர் முகம் மாறிவிட்டது.

"சாராமுல்ல சாரு! நான் என்ன தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவா? ஏய், நிறுத்துடா அதை."

ஆட்களில் ஒருவன் குனிந்து எண்ணெயை அடைத்துவிட்டான். சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தில் மகள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "இது புறம்போக்குங்க சார். அப்பா தாலுக்காவுல பார்த்துட்டாங்க."

அவன் கீழே கிடந்த கைப்பிடியை எடுத்தான். அவள் வழியை மறித்து நின்றாள். அவன் அதை ஓங்கினான்.

நான் ஓடினேன். சேறு காலை விடவில்லை. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதைந்தது. கத்தினேனா என்று தெரியவில்லை. அந்த இரும்பு மேலே நின்றதும், அவள் தலையைக் குனியாமல் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றதும் மட்டும் தெரிகிறது. இன்றும் பஸ்ஸில் யாராவது மேலே கம்பியைப் பிடிக்கக் கை ஓங்கினால் நான் ஒதுங்குகிறேன்.

"விடுடா. பொட்டப்புள்ளையை அடிச்சான்னு பேர் வேண்டாம். அதை எடுத்துக்கிட்டு வா, போதும்" என்றார் காரியக்காரர். நான் கரையேறி மகளின் தோளைப் பிடித்தபோது அவர்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "என்னப்பா செக்ரட்டரி, எறைக்கணும்னா கொல்லை வாசல்ல வந்து நில்லு. பழகின எடந்தானே?"

வரப்பு குறுகல். ஒருவர் பின் ஒருவராக, மெல்லத்தான் போக முடியும். அவர்கள் நடுவழியில் இருக்கும்போது என் மனைவி தெருப்பக்கத்திலிருந்து வந்தாள். இன்ஜின் சத்தம் நின்றதுமே கிளம்பியிருக்கிறாள். வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கைப்பிடி அவள் முந்தானைக்குள் இருந்தது. அதை எடுத்து நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டாள். அவள் மணிக்கட்டைப் பார்த்து, "கொடும்மா, நான் சுத்துறேன்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுப்பா. நெம்பை மட்டும் புடிங்க. நான் சொல்றப்ப விடுங்க."

பிடித்தேன். அவள் சுற்றினாள். ஒருமுறை பிடிக்கவில்லை. மறுபடி சுற்றி, "விடுங்க!" என்றாள். விட்டேன்.

அந்தச் சத்தம் வயல் முழுக்கப் போனது. வரப்பில் அவர்கள் நின்றார்கள். காரியக்காரர் ஆளின் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கைப்பிடியைப் பார்த்தார். தெருவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். காரியக்காரரும் அவர் ஆட்களும் போய்விட்டார்கள். கூட்டத்தில் என்னைக் கேலி செய்த பங்காளிதான் முதலில் வந்து சேர்ந்தான். மூச்சு வாங்க நின்று கைப்பிடியைக் கும்பிட்டான். "சின்ன வீடு காப்பாத்திடுச்சுடா" என்றான். என் மனைவி அவனை முறைத்தாள்.

பிறகு தலைவர் தாலுக்கா ஆபீசுக்குப் போய்க் கரை புறம்போக்குதான் என்று எழுதி வாங்கிவந்தார். நாற்று தேறியது. நட்டோம், அறுத்தோம். எங்கள் நிலத்தைத் தரிசு என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. மகள் இப்போதும் அந்தக் கரைக்குப் போகிறாள். இன்ஜின் சத்தம் கேட்கும்வரை எனக்குக் காலைச் சோறு இறங்குவதில்லை. போகாதே என்று சொல்ல வாய் வரை வருகிறது. சொன்னதில்லை.

அடுத்து வந்தது தணிக்கை. வந்தவர் நல்ல மனிதர்தான். பொருள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். குறைந்த விலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார், கோழியைச் சொன்னேன். கைப்பிடி இரண்டு என்று இருக்கிறதே, ஒன்றுதானே இங்கே இருக்கிறது என்றார்.

"இன்னொண்ணு பண்ணைவீட்டுல இருக்குங்க."

அவர் பேனாவை மூடினார். "அதையெல்லாம் எழுத முடியாதுங்க. இரண்டாவது கைப்பிடி தேவையற்ற செலவுன்னு ஏற்கெனவே குறிப்பு இருக்கு. நீங்க 'தொலைந்துவிட்டது'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. சின்ன தொகை. கட்டிட்டா முடிஞ்சுபோச்சு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எனக்குச் சின்ன தொகை இல்லை என்றாலும் கட்டிவிடக்கூடிய தொகைதான். காரியக்காரரோடு மறுபடி ஒரு தகராறு வேண்டாம் என்று என் பாதி மனம் சொன்னது. ஒரே பெண். அவள் தினமும் அந்தக் கரையில் நிற்கிறாள். பேனாவை வாங்கிவிட்டேன்.

மகள் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "தொலையலையே சார்" என்றாள். "எங்க இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே. நீங்க ஜீப்லதானே வந்திருக்கீங்க? போற வழிதான் பண்ணைவீடு. முன்வாசல்லயே கேக்கலாம் சார், உங்களுக்குத் திறப்பாங்க."

அவர் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் என்னைப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்தேன்: ஒரு கைப்பிடி பண்ணைவீட்டார் வசம் உள்ளது, மீட்டுத் தர வேண்டுகிறோம். கையெழுத்துப் போட்டேன். கீழே தேவையற்ற செலவு அல்ல என்றும் சேர்த்தேன்.

ஆட்சேபணை நீக்கப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை யாராவது வந்து அதே 'தொலைந்துவிட்டது' வரியைக் கேட்கிறார்கள். நானும் பண்ணைவீட்டில் இருக்கிறது என்றுதான் எழுதிக் கொடுக்கிறேன். இந்த வருஷம் சங்கத்துக்காக இன்னொரு கைப்பிடிக்குச் சொல்லியிருக்கிறேன். கரையில் ஒன்று, கதவுக்கு ஒன்று. என் மனைவி அன்றிலிருந்து கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.